நிறுத்தி வைத்தவை

நர்ஸ் மூன்றாவது இடத்தில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையின் உள்பக்கம் ஆயிற்று, மணிக்கட்டு ஆயிற்று, இப்போது புறங்கை. எல்லாம் வலது கையில்தான். இடது கை டயாலிசிஸ் மெஷினுக்கென்று அறுவை செய்து வைத்த கை; அதில் வேறு ஊசி போடக் கூடாது.

"நரம்பு ஒளிஞ்சுக்குதும்மா."

"என் நரம்பாச்சே. வேலைன்னு சொன்னா ஓடிடும்," என்றாள் அக்கா. மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது.

தம்பி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான். அத்தான் வெளியே மருந்துக் கடையில் வரிசையில் இருந்தார். காலை பத்து மணிக்கு மூச்சுத் திணறல் என்று இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வழக்கமாக டயாலிசிஸ் செய்யும் சென்டருக்கு அன்று வார விடுமுறை.

டாக்டர் இ.சி.ஜி. பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொல்லியிருந்தார். உடம்பில் பொட்டாசியம் ஏறிவிட்டது, இருதயம் தாங்காது, உடனே மெஷினில் போட வேண்டும். "ஆனா மஞ்சள் காமாலை பி கிருமி இருக்கறவங்களுக்குத் தனி மெஷின், இல்லாதவங்களுக்குத் தனி மெஷின். மாத்திப் போட்டா அடுத்து வர்றவருக்கு ஆபத்து. சந்தேகக் கேசுக்குன்னு ஒரு மெஷின் இருக்கு, அதுல ஆள் இருக்காரு. உங்க சென்டர்ல இருந்து மத்த ரிசல்ட் எல்லாம் எங்க ஸ்கிரீன்ல வந்திருக்கு. இது மட்டும் காணோம். திரும்ப எடுத்தா ரெண்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் மருந்துல தள்ளணும்."

காணோம் என்றதுமே தம்பிக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

அவன் வேலையே அதுதான். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு லேபும் ஒரே பரிசோதனைக்குத் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கும். அந்தப் பெயர்களையெல்லாம் பொதுவான ஒரே எண்ணுக்குக் கீழே கொண்டுவந்து, இங்கே எடுத்த முடிவு அங்கே இருக்கும் டாக்டருக்கும் அதே பொருளில் போய்ச் சேரும்படி செய்யும் அலுவலகத்தில் அவன் மேற்பார்வையாளன். அக்கா இதை அக்கம்பக்கத்தில், "ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ரத்தத்துக்கு வழி சொல்றான்," என்று விளக்கியிருந்தாள். அவனை ஆபீசர் என்றுதான் கூப்பிடுவாள்.

சென்டர் போன மாதம்தான் இந்த இணைப்பில் சேர்ந்தது. அதோடு காகித ரிப்போர்ட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அங்கே கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கும், தடுப்பூசி பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் 'ஹெப் பி' என்று ஒரே பெயர் வைத்திருந்தார்கள். முதலாவதில் பாசிட்டிவ் வந்தால் நோய். இரண்டாவதில் பாசிட்டிவ் வந்தால் பாதுகாப்பு. எது எது என்று தெரியாமல் அனுப்பினால் நல்ல ஆள் நோயாளியாகிவிடுவார், அல்லது நோயாளி நல்ல ஆளாகிவிடுவார். அவன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் 'நிறுத்தி வைத்தவை' என்ற தட்டுக்குத் தள்ளினான். சரியான வேலைதான். சென்டருக்கு இரண்டு முறை போன் அடித்தான், எடுக்கவில்லை. மூன்றாவது முறை அடிக்கவில்லை. அப்படியே ஒன்பது நாள் ஓடிவிட்டது.

வராந்தாவுக்கு வந்து அலுவலகத்தில் பக்கத்து மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டான்.

"சார், அக்கா எப்படி இருக்காங்க?"

"நிறுத்தி வைத்தவையைத் திற. அந்த டயாலிசிஸ் சென்டர்."

"நூத்தி நாப்பது இருக்கு சார்."

"அக்காவோடது ரெண்டு இருக்கும். அனுப்பிடு."

சற்று நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. "ஒண்ணு நெகட்டிவ், ஒண்ணு பாசிட்டிவ். எது எதுன்னு போடட்டும்?"

"அவ தடுப்பூசி போட்டிருக்கா. பாசிட்டிவ் அதுதான்."

"எனக்கும் அப்படித்தான் சார் தோணுது." பிறகு தயங்கினாள். "தோணறதை அனுப்பக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி சுவத்துல ஒட்டினீங்க. சென்டர் எழுத்துல சொல்லட்டும் சார், அடுத்த நிமிஷம் அனுப்பறேன்."

அவள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அவன் திரும்பி உள்ளே போனான். புறங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது; நர்ஸ் பாதத்துக்குப் போயிருந்தாள்.

"அக்கா, சென்டர்ல ரத்தம் எடுக்கறவர் நம்பர் இருக்கா?"

"போன்ல பாரு. ரத்தக்காட்டேரின்னு போட்டிருக்கேன்."

இருந்தது. அவன் எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது அக்கா அவன் முகத்தையே பார்த்தாள்.

"என்னடா ஆபீசர், உன்கிட்டயா மாட்டிக்கிட்டிருக்கு?"

"ஆமா."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். "உங்க அத்தான்கிட்ட சொல்லாத. கோவம் வந்தா சாப்பிட மாட்டாரு. அப்புறம் அவரையும் இங்க படுக்க வைக்கணும்."

சென்டர்க்காரர் மகனோடு முடிவெட்டும் கடையில் இருந்தார். "முதல்ல வர்றது கிருமி சார், ரெண்டாவது தடுப்பூசி. எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியுமே. யாரும் கேக்கலையே."

"ரெண்டு தடவை அடிச்சேன்."

"மெஷின் சத்தத்துல மணி கேக்காது சார். இன்னொரு தடவை அடிச்சிருந்தீங்கன்னா எடுத்திருப்போம்." குறை சொல்லும் குரல் இல்லை அது. சொன்னதை உடனே அலுவலகத்துக்கு எழுத்திலும் அனுப்பினார்.

பதினொன்று இருபத்தாறுக்கு முடிவு டாக்டரின் ஸ்கிரீனில் வந்தது. கிருமி இல்லை. "வந்துடுச்சு, கிளம்புங்க," என்றார் டாக்டர். பாதத்தில் எடுத்த ரத்தம் அப்போதுதான் குழாயில் பாதி நிறைந்திருந்தது. கட்டிலின் சக்கரப் பூட்டை விடுவித்தார்கள். மருந்தோடு ஓடி வந்த அத்தான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். லிஃப்டுக்குள் நுழையும்போது அக்கா ஏதோ சொல்ல வந்தவள்போல் வாயைத் திறந்தாள். அப்படியே தலை சாய்ந்தது. லிஃப்டுக்கு முன்னாலேயே மார்பை அழுத்தத் தொடங்கினார்கள். நாற்பது நிமிடம் அழுத்தினார்கள்.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து சொன்னார்.

"லேட்டாயிடுச்சுங்களா டாக்டர்?" என்று அத்தான் கேட்டார்.

"முன்னாடியே போட்டிருந்தாலும் பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாதுங்க. பிழைச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது."

தம்பி சுவரோரமாக நின்றான்.

ஆஸ்பத்திரி அலுவலக அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அக்காவின் செருப்பையும் கைப்பையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்; அத்தான் அதை மடியில் வைத்திருந்தார். உள்ளே குமாஸ்தா இறப்பு விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் பைக்குள் அக்காவின் போன் அதிர்ந்தது. அத்தான் எடுத்து எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணாடி வீட்டுல இருக்கு. என்னன்னு பாரு."

சென்டரிலிருந்து தானாக வந்த செய்தி அது. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் பதிவு ரத்து செய்யப்பட்டது.

அவன் படித்துச் சொன்னான்.

"சென்டர் இன்னைக்கு லீவாச்சே. எப்படித் தெரிஞ்சுது?"

"இங்க ஏத்தினா அங்க போயிடும் அத்தான். இறப்புக்கு எல்லா இடத்துலயும் ஒரே எண்தான்."

அத்தான் தலையை ஆட்டினார். போனைத் திரும்ப வாங்கிப் பையில் செருப்புக்கு மேலே வைத்தார். பையின் வாயை முறுக்கினார்.

"அப்ப அந்த ரிப்போர்ட் மட்டும் எங்கடா நின்னுச்சு?"

வராந்தாவில் ஒரு பெண் துடைப்பத்தால் ஈரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இருவரும் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். அவள் போனபின் கீழே வைத்தார்கள்.

"என்கிட்ட," என்றான் தம்பி. "ஒன்பது நாளா என் மேஜையில இருந்துச்சு. சென்டர்ல ஒரு வார்த்தை கேக்க வேண்டியிருந்துச்சு. கேக்கல."

பையின் முறுக்கு தானாகப் பிரிந்தது, அத்தான் மறுபடி முறுக்கினார்.

குமாஸ்தா உள்ளேயிருந்து கூப்பிட்டார். "சொந்தக்காரங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

அத்தான் எழுந்து போனார். தம்பியும் பின்னால் போனான். படிவத்தில் எழுத்துகள் பொடியாக இருந்தன. அத்தான் பேனாவை வாங்கிக்கொண்டு காகிதத்தையே பார்த்து நின்றார். குமாஸ்தா வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க போடணும்?" என்றார் அத்தான், யாரையும் பார்க்காமல்.

தம்பி கோட்டின் தொடக்கத்தில் விரலை வைத்துக் காட்டினான். அவன் விரலை எடுக்கும் வரை அத்தான் காத்திருக்கவில்லை. பேனா அவன் நகத்தின் மேலேறி இறங்கி, கோட்டில் மெதுவாகப் போயிற்று.