மஞ்சள் நோட்டீஸுக்கு முன்

வக்கீலைப் பார்க்க வேண்டிய நாளுக்கு முதல் நாளே அமுதவல்லி தனியாகப் போய் வக்கீல் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆளைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பதைவிட, அவர் வீட்டு வாசலில் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்த்தாலே போதும் என்பது அவள் எண்ணம். கருவடிக்குப்பத்தில் அந்த வீட்டுக்கு எதிரே ஒரு ஜூஸ் கடை இருந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக்கொண்டு நின்றாள். பாதி குடிப்பதற்குள் எதிர் வீட்டுக் கேட் திறந்தது. வெளியே வந்தவன் ஜோசப் ஆனந்த்.

அமுதவல்லி சட்டென்று கடைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கணவன் கலைவாணன் கடன்பட்டிருக்கிற ஆட்களிலேயே பெரிய கை இந்த ஜோசப் ஆனந்த்தான். சில மாதமாக அவர்கள் கடைக்கு வந்து, வாடகைக்கு விடுகிற நாற்காலி ஒன்றையே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் போகிறவன். அவனை வழியனுப்ப வக்கீல் யூஜினே கேட் வரை வந்தார். இருவரும் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். அவன் தோளில் வக்கீல் கைபோட்டதையும் அவள் பார்த்தாள்.

மீதி ஜூஸை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

"நான் சொல்லல? நம்மள ஆட்ட அறுக்குறாப்ல அறுக்கப் போறாங்க," என்று முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள்.

கலைவாணன் தலையைச் சொறிந்தான். "ரெண்டு பேரும் ஒரே சர்ச்சுக்குப் போறவங்களா இருக்கும், வல்லி. நமக்கு அவர சொன்னதே நல்ல மனுசங்க. திருவிழாவுக்குப் பந்தல் போடப் போன எடத்துல சொன்னாங்க."

"ஒனக்கு எவன்தான் நல்ல மனுசன் இல்ல?"

சாமியானா, நாற்காலி, அண்டா குண்டா என்று வாடகைக்கு விட்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது கடை. கேட்டவனுக்கெல்லாம் தலையாட்டியே கலைவாணன் அதை மூழ்கடித்தான். கட்சிக் கூட்டங்களுக்கு மேடை போட்டான், காசு வரவில்லை. இனிமேல் குளிரூட்டிய பந்தல்தான் ஓடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கடன்மேல் கடன் வாங்கிப் பெரிய ஜெனரேட்டரும் ஏசி மெஷின்களும் இறக்கினான். ஏசி மெஷின்களைக் கடன் கொடுத்த கம்பெனிக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜெனரேட்டர் மட்டும் மிஞ்சியது. கடைசியில், மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாம், திவால் என்று கோர்ட்டில் சொல்லிவிடலாம் என்கிற முடிவுக்கு வந்தார்கள்.

கணவன் எல்லாரையும் நம்பினதால் வந்த வினை இது. அதனால் இனி ஒருத்தரையும் நம்புவதில்லை என்று அமுதவல்லி வைராக்கியமாக இருந்தாள்.

வக்கீல் போனில் மூன்று விஷயம் சொல்லியிருந்தார். யார் யாருக்குக் கடன், கையில் என்னென்ன இருக்கிறது, இரண்டு வருஷத்துக்குள் எதை விற்றீர்கள் அல்லது யாருக்குக் கொடுத்தீர்கள், எல்லாவற்றுக்கும் உள்ள காகிதங்களோடு வாருங்கள் என்று. அன்று சாயங்காலம் கட்டிலில் காகிதங்களைப் பரப்பியபோது, அந்த மூன்றாவது கேள்வி அவளைக் குடைந்தது. கொடுத்ததைக் கேட்க இவர் யார்? கேட்டு யாரிடம் சொல்லப் போகிறார்? வக்கீல் வீட்டு வாசலில் ஜோசப் ஆனந்த் தோள்மேல் விழுந்த கை நினைவுக்கு வந்தது. ஜெனரேட்டர் வாங்கிய பில்லை உருவி எடுத்து மெத்தைக்கு அடியில் சொருகினாள்.

ஜெனரேட்டர் அப்போது சேதராப்பட்டில், அவள் தங்கை தாமரைச்செல்வி வீட்டு ஷெட்டில் இருந்தது. போன மாதம் அதை மினி லாரியில் ஏற்றி அங்கே அனுப்பியவள் அமுதவல்லிதான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை; அவளுடைய சொந்த யோசனை. தங்கை புருஷன் அம்மாவாசைக்கு விற்றுவிட்டதாக முத்திரைத்தாளில் எழுதி, கலைவாணனைக் கையெழுத்துப் போடவும் வைத்தாள். ஒரு பைசா கைமாறவில்லை.

மறுநாள் இருவரும் வக்கீல் முன்னால் உட்கார்ந்தார்கள். யூஜினுக்கு அறுபது வயதிருக்கும். அப்பா, பிரெஞ்சுக்காரர் காலத்தில் பத்திரங்களைப் பதிந்துகொடுத்த நொத்தேரிடம் பத்திரம் எழுதியவர் என்பதால், அக்கம்பக்கத்தில் இன்னமும் அவரை நொத்தேர் வீட்டு யூஜின் என்றுதான் சொல்வார்கள். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் கலைவாணனைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அமுதவல்லியே பதில் சொன்னாள்.

அவரைச் சோதித்துப் பார்க்க அவள் ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

"எங்கிட்ட கொஞ்சம் நகை கெடக்குது சார். அத எங்க தங்கச்சி பேர்ல காட்டிரலாமா?"

"எந்த நகை?"

"கல்யாணத்துல எங்கப்பா போட்டது."

"நீங்க எந்தக் கடனுக்காவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப கடன் அவரோடது, நகை உங்களோடது. சொந்தப் பொருள எதுக்கும்மா ஒளிக்கிறீங்க?"

அரிசி டிரம்முக்குள் நகையை வைத்துவிட்டு ராத்திரி தூக்கம் கெட்டுக் கிடந்த அவளுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் கேட்டவுடன் இவ்வளவு நல்ல செய்தி சொல்கிறவரை எப்படி நம்புவது?

யூஜின் கலைவாணன் கொடுத்திருந்த கடை விசிட்டிங் கார்டைக் கையில் எடுத்தார். அதில் பந்தல் படத்துக்குப் பக்கத்தில், கலைவாணன் பெருமையாகப் போட்டிருந்த ஜெனரேட்டர் படம்.

"இது எங்க?"

கலைவாணன் மனைவியைப் பார்த்தான். மனைவி சுவரைப் பார்த்தாள்.

"அத... வித்துட்டோம்," என்று அவன் இழுத்தான்.

"யாருக்கு?"

அமுதவல்லிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜோசப் ஆனந்து கேட்டு வைக்கச் சொன்னாரா சார்? நேத்து இங்கதான வந்துட்டுப் போனாரு? நான் கண்ணால பாத்தேன்."

யூஜின் கார்டை மேஜைமேல் வைத்தார். முகம் மாறவில்லை.

"என் வீட்டுக்கு யாரு வந்தாங்க, எதுக்கு வந்தாங்கன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். நீங்க வந்ததையும் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு எதிரா யார் கேஸாவது எடுத்திருந்தா, உங்கள உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருக்க மாட்டேன். அவ்ளோதான் சொல்ல முடியும்." பிறகு கலைவாணன் பக்கம் திரும்பினார். "கோர்ட்டுல சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கணும். ஒளிச்சது பின்னால தெரிஞ்சா மனு போயிடும், மேல கேஸும் வரும். அந்த ஜெனரேட்டர் வந்த பொறவு வாங்க. இன்னிக்கி ஃபீஸ் வேணாம்."

வெளியே வந்ததும் அமுதவல்லி பொரிந்து தள்ளினாள். "ஃபீஸ் வேணாம்னு எந்த வக்கீல் சொல்லுவான்? ஜெனரேட்டர வெளிய கொண்டாரச் சொல்றாரு. வந்தா அப்படியே அவன் வந்து தூக்கிக்குவான். இதுக்குத்தான் நேத்து பேசி முடிச்சிருக்காங்க."

"இல்ல வல்லி. நாம போயி கொண்டாந்துரலாம்," என்றான் கலைவாணன். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவன் பிடிவாதம் பிடித்தது அபூர்வம். வக்கீலுக்காக இல்லாவிட்டாலும், பொருள் தன் கண் முன்னால் இருப்பதே நல்லது என்று அவளுக்கும் தோன்றியது. நேராகச் சேதராப்பட்டுக்கு விட்டார்கள்.

ஷெட் காலியாகக் கிடந்தது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. தாமரைச்செல்வி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கடி?"

"அவரு வரட்டும்க்கா."

அம்மாவாசை கம்பெனி வேலை முடிந்து வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசினான். "இங்க ஒரு கம்பெனில மாச வாடகைக்குக் கேட்டாங்க. விட்டுட்டேன்க்கா."

"யாரக் கேட்டு வுட்ட மாப்ள? எங்களுது ஆச்சே அது."

"உங்களுதா? வித்துட்டேன்னு எழுதி, அண்ணன் கையெழுத்துப் போட்டு, நீங்கதான கொண்டாந்து குடுத்தீங்க?"

அமுதவல்லி தங்கையைப் பார்த்தாள். தாமரைச்செல்வி காலித் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போனவள் திரும்பி வரவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு, ஜூஸ் கடையில் நின்று வேவு பார்த்தோமே, கணவனை, வக்கீலை, ஊரில் இருக்கிற எல்லாரையும் சந்தேகப்பட்டோமே, தாமரை வீட்டுப் பக்கம் மட்டும் ஏன் அந்தப் புத்தி போகவில்லை என்று நெஞ்சு எரிந்தது. கலைவாணன் ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டினான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் அவள் மட்டும் யூஜினிடம் போனாள். மெத்தைக்கு அடியில் இருந்த பில்லை மேஜைமேல் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் திட்டுவார், இல்லாவிட்டால் உள்ளுக்குள் சிரிப்பார் என்று காத்திருந்தாள். அவர் எழுதிக்கொண்டேயிருந்தார்.

"காசு வாங்காம எழுதின விக்கிரயம். கோர்ட்டு நெனச்சா செல்லாதுன்னு ஆக்கிடலாம். ஆனா மனுவுல உங்க தங்கச்சி வூட்டுக்காரர் பேர எழுதணும். அவங்களுக்கு நோட்டீஸ் போகும். சம்மதமா?"

"எழுதலன்னா?"

"அப்ப நான் எழுத மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க."

தாமரைக்குத் தலைவாரி விட்டது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது, கல்யாணத்துக்குப் புடவை எடுத்தது எல்லாம் அமுதவல்லி மனதில் வரிசையாக வந்து போயின. அவசரப்படுத்தாமல் அவர் வேறு ஏதோ கட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க சார்," என்றாள். ஃபீஸைக் கொடுத்து ரசீது கேட்டாள். கொடுத்த ரசீதை அங்கேயே இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் பையில் வைத்தாள்.

மனு கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கிறது. ஜோசப் ஆனந்த் வேறொரு வக்கீலோடு வந்து மல்லுக்கு நிற்கிறான். அன்றைக்கு அவன் யூஜின் வீட்டுக்கு எதற்கு வந்தான் என்று அமுதவல்லி இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டாள், அவர் சொல்லவில்லை. நோட்டீஸ் போன சில நாளில் அம்மாவாசை ஜெனரேட்டரை மினி லாரியில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வராமலே போனான். கோர்ட் அனுப்பிய ஆள் வந்து, இனி இது கோர்ட் பொறுப்பு என்று அதில் சீட்டு ஒட்டினார்.

போன வாரம் தாமரைச்செல்வி போன் செய்தாள்.

"அக்கா, நான்தான். நல்லாருக்கியா?"

அம்மாவாசை பக்கத்தில் நிற்கிறானோ, பேசுவதைப் பதிவு செய்கிறார்களோ என்று அமுதவல்லி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மிக்ஸி ஓடுகிற சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

"நல்லாருக்கேன்," என்றாள். "எதுக்குடி கூப்பிட்ட?"

"சும்மாதான்க்கா."

சும்மா யார் கூப்பிடுவார்கள் என்று தோன்றியது. இருந்தாலும் அமுதவல்லி போனை வைத்துவிடவில்லை.