தலைமுழுகியாச்சு

சலவைக்கடையில் இஸ்திரி போடும் அக்காவுக்கு அவள் வாய்தான் எதிரி. கோபம் வந்தால் என்ன பேசுகிறோம் என்று பார்க்க மாட்டாள். பேசியதைத் திரும்ப எடுக்கவும் மாட்டாள்.

அவள் மகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தத்துக்குப் பஞ்சமில்லை. அந்தப் பிள்ளைக்குச் சேருகிற ரத்தம்தான் இல்லை. அரிய வகையாம். தாயுடையதும் சேரவில்லை, தகப்பனுடையதும் சேரவில்லை.

“இந்த வகை பெரும்பாலும் உங்க தமிழ் ஆளுங்ககிட்டதான் இருக்கும். ஆனா உங்க ஆளுங்க யாரும் குடுக்க வர்றதே இல்லையே,” என்றாள் நர்ஸ். அவள் வேற்றினத்துக்காரி, அக்கம்பக்கத்தில் பழகியே தமிழைப் பிடித்துக்கொண்டவள். “கிட்டத்துச் சொந்தம் யாராவது? உங்க கூடப் பிறந்தவங்க?”

“ஒரு தம்பி இருந்தான். தலைமுழுகியாச்சு.”

வேற்றினத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று பல வருஷமாக அவனோடு பேச்சுவார்த்தை இல்லை. நர்ஸுக்கோ, செத்தவர்களுக்குத் தலைமுழுகுவார்கள் என்று மட்டும்தான் தெரியும். “ஐயோ, மன்னிச்சிடுங்கக்கா,” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தப்பாக எடுத்துக்கொண்டது அக்காவுக்கு அந்த நிமிஷமே புரிந்தது. ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். வீம்பு விடவில்லை. நம்ம ஆட்கள் இத்தனை பேர் இருக்கையில் அவன் வாசலில் போய் நிற்பானேன் என்று புறப்பட்டுவிட்டாள்.

இருக்கத்தான் இருந்தார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் ‘நம்ம ரத்தம்’ என்று மேசையைத் தட்டும் சங்கத் தலைவர், ஊசி என்றதும் சர்க்கரை, பிரஷர் என்று ஒரு மருந்துக்கடையையே விரித்தார். ஒன்றுவிட்ட அண்ணன், ரத்தம் கொடுத்தால் உடம்பு விட்டுப்போகும் என்றார். அவர் உடம்பில் பாதி போனாலும் யாருக்கும் தெரியாது. மனசு இரங்கி இரண்டு பேர் வந்தார்கள், அவர்களுடையது சேரவில்லை. இந்த அலைச்சலிலேயே நாட்கள் ஓடிவிட்டன.

மகள் “அம்மா, குளிருதும்மா” என்று முனகியபோதுதான் அக்காவின் வீம்பு உடைந்தது. மாடிப்படியில் நின்று தம்பி வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தவள் அவன் மனைவி. அக்கா அழுதுகொண்டே சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, அரைகுறைத் தமிழில், “அக்கா அழாதே. இப்பவே அனுப்புறேன்,” என்றாள். பழைய கதை எதையும் எடுக்கவில்லை.

தம்பி வேலை பார்த்த தொழிற்சாலை ஊருக்கு வெளியே இருந்தது. அவன் வந்து சேர்ந்தபோது அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடிவிட்டார்கள். அது தெரியாமல், மூச்சிரைக்க ஓடி வந்தவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே, “எங்க படுக்கணும் சிஸ்டர்?” என்றான்.

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அச்சு அசல் அக்காவின் மூக்கு, அக்காவின் நெற்றி.

“இவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“தம்பி.”

“உங்க தம்பி செத்துட்டார்னு சொன்னீங்களே?”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தான்.