வயிற்றுக் கட்டு

தர்மன் குடும்பத்தில் தட்டு மாற்றும்போது இரு வீட்டுத் தகப்பன்மாரும் ஐயனார் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். அவருடைய தாத்தா காலத்தில் ஒருவன் உடம்பிலிருந்த நோயைச் சட்டைக்குள் மறைத்துச் சம்பந்தம் பேசிவிட்டுப் போனதால் வந்த வழக்கம். வடக்கனந்தலில் மற்ற பங்காளிகள் எப்போதோ அதை விட்டுவிட்டார்கள். முதுகெலும்பில்லாத ஜனங்கள் என்று தர்மன் சொல்வார். ஐந்து வருடத்துக்கு முன் பங்காளி பாவாடை, தன் மகள் நிச்சயத்தில், காய்ச்சல் என்று பனியனோடு நின்றான்.

"கயட்டுடா. இல்லன்னா பொண்ண இட்டுக்கினு வூட்டுக்குப் போ" என்றார் தர்மன், ஊர் நடுவில். பாவாடை நடுங்கிக்கொண்டே கழற்றினான்.

அன்று தர்மனுக்கு நூற்றுப்பத்துக் கிலோ. அப்புறம் சர்க்கரை வந்தது. "இப்படியே இருந்தா கால எடுக்க வேண்டியதுதான்" என்றார் கள்ளக்குறிச்சி டாக்டர். அந்த ஆளுக்குத் தன் காலை வெட்டும் பாக்கியத்தைக் கொடுக்கக்கூடாது என்பதற்காகவே தர்மன் சோற்றை விட்டார். கல்வராயன் மலைச் சாமையும் கேழ்வரகுக் கூழும்தான். விடியலில் அணை வரைக்கும் நடை. பதினான்கு மாதத்தில் நாற்பத்திரண்டு கிலோ போயிற்று.

தோல் மட்டும் போகவில்லை. நனைந்த வேட்டியைக் கொடியில் போட்டதுபோல் வயிற்றிலிருந்து மடிமடியாகத் தொங்கியது. அவர் உட்கார்ந்தால் அதுவும் மடியில் வந்து உட்கார்ந்தது. மடிப்புக்குள் வியர்த்துப் புண்ணாகி, குழந்தைக்குப் போடுவதுபோல் பவுடர் போட வேண்டியிருந்தது. கடைசியில், பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டுகிற மாதிரி மனைவி அமிர்தத்தின் பழைய நூல் சேலையை நீளவாக்கில் கிழித்து, இறுக்கிக் கட்டி, மேலே சட்டை போட்டுக்கொண்டார்.

"புள்ள பெத்தவளே நாப்பது நாள்ல அவுத்துடுவா. நீங்க ஆறு மாசமா கட்டிக்கினு கீறீங்க" என்றாள் அமிர்தம்.

"கட்றத கட்டு. பேசாத."

டீக்கடையில் பாவாடை வேறு கதை கட்டினான். தர்மனுக்கு டி.பி.யாம், உருகிப் போகிறாராம். நாலு டீக்கு நாலு ஊர்க் கதை பேசுகிற கூட்டம் அதை உளுந்தூர்பேட்டை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. தர்மனின் மகள் செந்தமிழ்ச்செல்வியைத் தன் மகனுக்குக் கேட்டிருந்த வேடியப்பன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. "நிச்சயத்தன்னிக்கி நேர்ல பாத்துட்டு முடிவு சொல்றோம்னாங்க." பெண்ணையா, பெண்ணைப் பெற்றவனையா என்று தர்மன் கேட்கவில்லை.

வைகாசியில் நாள் குறித்தார்கள். அதற்கு முதல் நாள்தான் இடஒதுக்கீடு கேட்டு மறியல். சாலை முழுக்கப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் ஊருக்கு ஒன்றரை மைல் முன்பே நின்றுவிட்டது. தர்மன் எதிர்கொண்டு போனார். வழியில் ஆறு மரம். ஆறையும் வேட்டியை மடித்துக்கட்டித் தாண்டினார். வேடியப்பனோ வேன் பக்கத்து முதல் மரத்தின் மேலேயே, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் கிடந்தார். நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் அந்த நால்வர் வேண்டியிருந்தது. இந்த மூட்டைதான் என்னை நிறுத்துப் பார்க்க வந்திருக்கிறதா என்று தர்மனுக்கு உதடு கோணியது.

கோயிலில் தட்டுகள் தயாராயின. ஊர் கண் முழுக்கத் தர்மனின் சட்டைப் பித்தான் மேல் இருந்தது. பாவாடை முன்னால் வந்தான்.

"அண்ணே, வெயிலு ஜாஸ்தி. சட்டையோடவே நில்லு. நாங்க ஒண்ணியும் நெனச்சிக்க மாட்டோம்."

கழற்று என்று கத்தியிருந்தால்கூடத் தர்மன் பொறுத்திருப்பார். இந்தப் பயல் இரக்கப்படுகிறான்!

சட்டையைக் கழற்றினார். வயிற்றுக் கட்டின் முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொரு சுற்றாக நிதானமாகப் பிரித்தார். தோல் சரிந்து இடுப்புக்குக் கீழே விழுந்தது. யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா சம்மந்தி இது? ஒடம்புக்கு இன்னா?" வேடியப்பன் ஓரடி பின்வாங்கினார்.

தர்மன் அந்தத் தோலை இரண்டு கையாலும் அள்ளி இழுத்துக் காட்டினார். "டி.பி. வந்தவனுக்கும் ஒடம்பு கரையும். ஆனா ஆறு மரத்த தாண்டி வந்தவன், ஒரு தபா இருமினானா? இது நாப்பத்திரண்டு கிலோ குடியிருந்த வூடு. மலைச் சாமையத் தின்னு, குடியிருந்தவன வெரட்டி வுட்டேன். வூடு காலியா கெடக்குது. நீங்க நாலு பேரு தோள்ல வந்தீங்க. சீக்கு யாருக்குன்னு ஐயனாரு சொல்லட்டும். கயட்டுங்க சட்டைய."

மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்தே முதல் சிரிப்பு வந்தது. தூக்கி வந்த நால்வரில் ஒருவன்தான். வேடியப்பன் பித்தான்களை அவிழ்த்தார். அவர் வயிறு அவருக்கு முன்னால் ஐயனாரைக் கும்பிட்டது.

தட்டு மாறியது. மாற்றும்போதே வேடியப்பன் குனிந்து கிசுகிசுத்தார்: "சம்மந்தி, அந்தச் சாமை எங்க கெடைக்கும்?"

"மலையில. நடந்து போனாதான் தருவாங்க."

பாவாடை பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டான். தர்மன் அவன் இலைக்கு எதிரே, சட்டை போடாமலே, தோல் ஆட ஆட நின்று, "இன்னும் போடு, காய்ச்சக்காரன்" என்று பரிமாறச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சேலைத் துணியை மடித்து அமிர்தத்திடம் எறிந்தார்.

"தொவச்சி வை. கரித்துணி ஆக்கிடாத. அடுத்த வருஷம் பொண்ணுக்கு ஆவும்."