மூன்றாவது சீட்டு

ஆறு மணிக்கு எழுந்தேன். பாலை அடுப்பில் வைத்தேன். பொங்குவதற்கு முன் அணைத்தேன். ஒரு தம்ளர் எடுத்தேன். குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. வேறு சட்டை எடுத்தேன். வாசல் பக்கத்து ஆணியில் அவளுடைய அலுவலகப் பை தொங்குகிறது. அதற்குப் பின்னால்தான் சாவி. பையில் கை படாமல் சாவியை எடுக்கப் பழகியிருக்கிறேன். கதவைப் பூட்டினேன், இழுத்துப் பார்த்தேன், இரண்டு மாடி இறங்கினேன், எட்டே காலுக்கு பஸ் ஏறினேன். நான்கு மாதமாக இதே வரிசைதான்.

அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மக்கள் பேசுகிற சொற்களுக்கான அகராதி அது. கணினி உண்டு, ஆனால் சான்று முதலில் சீட்டில்தான் ஏறும். உள்ளங்கை அளவு அட்டைச் சீட்டு. மேலே தேதி, நேரம், பேசியவரின் வயது, தொழில். கீழே அவர் சொன்ன வாக்கியம், சொன்னபடியே. ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. பாதி வாக்கியம் செல்லாது. சான்றைக் கத்தரிப்பதுதான் எங்கள் இடத்தில் பெரிய குற்றம். ஒரு புதுப்பொருளைச் சேர்க்க மூன்று சீட்டு வேண்டும். ஆள் ஒருவராகவே இருந்தாலும் பரவாயில்லை, நாள் மூன்றாக இருக்க வேண்டும்.

நான் உட்காருவதற்குள் பதிப்பாசிரியர் வந்து நின்றார். அந்த அம்மாளுக்கு நாங்கள் வைத்த பெயர் முற்றுப்புள்ளி.

"‘துடி’ என்ன ஆச்சு?"

"பாதியில இருக்கு மேடம்."

"நாலு மாசமா பாதியிலயே இருந்தா அதுக்குப் பேர் பாதி இல்ல. இன்னைக்கு சாயங்காலம் என் மேஜைக்கு வரணும்."

இழுப்பறையைத் திறந்தேன். ரப்பர் வளையம் போட்ட கட்டு இருந்தது. கண் துடிக்கிறது. கரையில் போட்ட மீன் துடிக்கிறது. கோபத்தில் உதடு துடிக்கிறது. வெளிநாடு போகத் துடிக்கிறான். எல்லாம் பஸ்ஸிலும் வரிசைகளிலும் நின்று நான் பொறுக்கியவை.

துடி என்று ஒரு சிறு பறையும் உண்டு, இடை ஒடுங்கியது. பறையின் பெயர்தான் வினையானதா, வினைதான் பறைக்குப் பெயரானதா என்று மெய்ப்புத் திருத்துபவரும் நானும் ஒரு வாரம் மல்லுக்கு நின்றிருக்கிறோம். அவர் பறைக் கட்சி. நான் வினைக் கட்சி. தோலை இழுத்துக் கட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்பே மனிதனின் மார்புக்குள் ஒன்று அடித்துக்கொண்டிருந்ததே என்பது என் வாதம். வீட்டில் மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள்.

"நான் ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை டக்கு டக்குன்னு முத்திரை குத்துறேன். என் கை வலிக்கு ஒரு வினைச்சொல் கண்டுபிடிங்களேன்," என்றாள். "இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க உங்களுக்கு?"

‘சீரான கால இடைவெளியில் அடித்தல்’ என்று நான் பொருள் எழுதி வைத்திருந்தேன். ‘சீரான’ என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பிறகு ஒரு நாள் மாலை, காய்கறிப் பையோடு மாடி ஏறி வந்தவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். மார்பில் கை வைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள். நான் நிமிர்ந்தேன்.

"இரு இரு. அதையே இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். எழுதினேன். மாலை ஆறு பத்து. பெண், 27, அஞ்சலக ஊழியர். ‘நெஞ்சு நின்னு நின்னு துடிக்குதுங்க, சீரா இல்ல.’

சீரா இல்ல. நான் எழுதிய பொருளையே உடைக்கிற வாக்கியம். அது கிடைத்ததில் எனக்கு அன்று சந்தோஷம். இதை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் வேறு சொல் அமையவில்லை. சந்தோஷம்தான். டாக்டர் என்ற சொல் என் வாயில் வரவில்லை.

ஒன்பது நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "இந்தாங்க, உங்க சீட்டுக்குத் தீனி. ரெண்டு துடிச்சு ஒண்ணை விட்டுடுது. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். "இன்னும் ஒண்ணு கிடைச்சா போதும்," என்றேன்.

"கிடைக்கும், கவலைப்படாதீங்க," என்றாள்.

அந்த இரண்டு சீட்டும் கட்டின் அடியில் இருந்தன. மூன்றாவதும் இருந்தது, தலைப்பு மட்டும் நிரப்பியது. மூன்றையும் உருவிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். கழிவறைக்குப் போய்க் கிழித்துப் போட்டுவிடலாம். ‘துடி’யை ‘சீரான’ என்றே முடித்துக் கொடுத்துவிடலாம். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மருத்துவமனையில் என்னிடம் கேட்டார்கள், முன்பு ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று. ஒன்றுமே இல்லை என்றேன். அவளுடைய அம்மா கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன்.

எழுந்தேன். கீழே ஆள் வந்திருப்பதாகக் காவலாளி வந்து சொன்னார்.

அவள் தம்பி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். சீருடையோடு, சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிட்டீங்களா மாமா?"

"ஆச்சு."

"பொய். இப்பதான் மணி பன்னெண்டு." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "ஒண்ணு கேக்கணும். போன்ல கேட்டா நல்லா இருக்காதுன்னு வந்தேன். ரெண்டு வாரமா எனக்கு இங்க ஒரு மாதிரி இருக்கு."

சாவி இருந்த கையாலேயே மார்பைக் காட்டினான்.

"டாக்டர் அக்காவைப் பத்திக் கேட்டாரு. இந்த வயசுல திடீர்னு போனா குடும்பத்துல ஓடுற வியாதியா இருக்கலாமாம். முன்னாடி நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குறது ஏதாவது சொல்லியிருக்காளான்னு. மாமா ஒண்ணுமே இல்லன்னாரேன்னு சொன்னேன். அப்படின்னா பயப்பட வேண்டாம், வண்டி ஓட்டலாம்னாரு. எதுக்கும் ஒரு தடவை உறுதியா கேட்டுட்டு வான்னாரு."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன்.

"அம்மா வேற, அவரைப் போய்க் கேக்கணுமா, மறைக்கிற ஆளா அவருன்னு திட்டினாங்க. எனக்காக மட்டும்னா வந்திருக்க மாட்டேன் மாமா. பின்னாடி நாப்பது பிள்ளைங்க உக்காந்திருக்கு."

சட்டைப் பையிலிருந்து சீட்டுகளை எடுத்துக் கொடுத்தேன்.

"என்ன இது, ஆபீஸ் சீட்டா?"

"அக்கா சொன்னது."

முதல் சீட்டைப் படித்தான். உதடு அசைத்துப் படித்தான். இரண்டாவதைப் படித்தான். திரும்ப முதல் சீட்டுக்குப் போனான்.

"தேதி போட்டிருக்கு."

"ஆமா."

"நேரம்கூடப் போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஆறு பத்து." என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஆறு பத்துக்கு நம்ம தெருமுனை கிளினிக் திறந்திருக்குமே மாமா."

என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் குரலைக்கூட உயர்த்தவில்லை. காவலாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். பெஞ்சுக்கடியில் யாரோ தேநீரைக் கொட்டித் துடைக்காமல் விட்டிருந்தார்கள்.

"மூணாவது காலியா இருக்கு." தேதியைப் படித்தான். அவனுக்கு அந்தத் தேதி தெரியும். "அன்னைக்கா?"

"அன்னைக்குக் காலையில."

"போயிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினாள்னு அம்மாகிட்ட சொன்னீங்களே. வர்றவங்க எல்லார்கிட்டயும் அம்மா அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்காங்க. சிரிச்ச முகமா புருஷனை அனுப்பி வெச்சுட்டுப் போனாள்னு."

"அதுவும் சொன்னா. அதுக்கு முன்னாடியும் இருக்கு. நான்தான் கத்தரிச்சேன்."

சொன்னேன். அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பி, பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை. "இன்னைக்கும்..." என்று தொடங்கி நிறுத்தினாள். என் பையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்தேன். பேனாவைத் திறந்து தலைப்பை நிரப்பினேன். "பாதி செல்லாது, முழுசா சொல்லு," என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னாள். அதில் ‘துடி’ வரவில்லை. அதனால் நான் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பதினொரு மணிக்குத் தபால் நிலையத்திலிருந்து போன் வந்தது.

அவன் சாவியை விரலிலிருந்து கழற்றிப் பெஞ்சில் வைத்தான். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான்.

"எழுதுங்க. டாக்டர்கிட்டக் காட்டணும். அப்புறம் அம்மாகிட்டயும்."

"அம்மாகிட்டயுமா?"

"அவ சொன்னபடியே எழுதுங்க மாமா."

பெஞ்சில் வைத்து எழுதினேன். தலைப்பு அன்றே போட்டது: காலை எட்டு ஐந்து. பெண், 27, அஞ்சலக ஊழியர். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

‘முழுசா சொல்ல மூச்சு வரலைங்க. சாயங்காலம் சொல்றேன், போயிட்டு வாங்க.’