அண்ணனுக்குச் சொன்ன படம்

'தூரக்கலம்' என்ற விண்வெளிப் படங்கள் மூன்றையும் அண்ணனும் தங்கையும் சின்ன வயதில் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தவர்கள். இருவருக்கும் வசனமெல்லாம் தலைகீழ்ப் பாடம். அவர்கள் வளர்ந்து ஆளுக்கொரு வேலைக்குப் போன பிறகு, வேறு யாரோ அந்தக் கதைக்குத் தொடர்ச்சி எடுக்க ஆரம்பித்தார்கள். புதுப் படங்கள் அண்ணனுக்குப் பிடித்துவிட்டன. தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கப்பலா அது? நகைக்கடை மாதிரி மின்னுது! பழைய கப்பல் துருப்பிடிச்சிருக்கும், ஒழுகும். பார்த்தா மனுசங்க இருக்கற இடம்னு தெரியும்."

"காலம் மாறுது. நீ மட்டும் கையிலயா தைக்கிற? மெஷின் வாங்கலியா?"

அவள் சோஃபாவுக்கு உறை தைப்பவள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பழைய படங்களில் ஒரு கிழட்டு இன்ஜினியர் வருவார். படுத்துவிட்ட என்ஜினை ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிடுவார். தட்டு மாமா என்று இவர்கள் வைத்த பெயர். அவரைப் பார்த்துத்தான் அண்ணனுக்கு இந்த வேலையின் மேலேயே ஆசை வந்தது.

மூன்றாவது புதுப் படம் வெளியாகும் சமயம் பார்த்து அண்ணனுக்கு ஒரு கண்ணில் விழித்திரை கழன்றுகொண்டது. ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்தார்கள். அந்தக் குமிழி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும்; அதற்கு ஒரு வாரம் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தங்கை நல்ல ஃபோமாகப் பார்த்து நடுவில் ஓட்டை வெட்டி, மெத்தென்ற துணியில் உறை தைத்து எடுத்து வந்தாள். அதைக் கட்டிலின் தலைமாட்டில், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டினார்கள். ஓட்டை வழியாக அண்ணனின் முகம் தரையைப் பார்த்துத் தொங்கியது.

"வெள்ளிக்கிழமை படம் வருது" என்றது அந்த முகம்.

"எந்தப் படம்?"

"நடிக்காத. நீ போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு. ஒரு சீன் விடாம."

"நானா? காசையும் கொடுத்துத் தலைவலியையும் வாங்கிட்டு வரணுமா?"

"என் நிலைமையைப் பாரு. எவ்வளவு நேரந்தான் டைல்ஸையே பார்த்துட்டுக் கிடக்கறது? அதுல ஒண்ணு கோணல் வேற."

அவள் போனாள். கைகளைக் கட்டிக்கொண்டு, எங்கே தப்பு செய்கிறார்கள் பார்ப்போம் என்றுதான் உட்கார்ந்தாள். முதல் பாதி முழுக்க வெடித்துக்கொண்டே இருந்தது. இடைவேளைக்குப் பிறகு ஒருவன், "அவரா? அவர் போன வருஷமே தவறிட்டாரே" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினான். தட்டு மாமாவின் கதை அவ்வளவோடு முடிந்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. என்ஜின் நின்றுபோன கப்பலில், சின்ன வயது பைலட் பெண் வளவளவென்று பேசிக்கொண்டிருந்த கருவிகளை ஒவ்வொன்றாக அணைக்கிறாள். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்து, என்ஜினில் இன்னும் உயிர் இருக்கிறதா என்று காத்திருக்கிறாள். இசை இல்லை. தியேட்டரில் ஒருவர்கூட இருமவில்லை. தங்கைக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இந்தப் புதுப் படத்துக்குப் போய் அழுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

மறுநாள் அண்ணனின் முகத்துக்கு நேர் கீழே, தரையில் தலையணை போட்டு மல்லாந்து படுத்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் படு. மூக்கு ஒழுகுது."

"கருமம்! அண்ணி, ஒரு துணி கொண்டாங்க!"

துடைத்துவிட்டுத் தொடர்ந்தாள். அண்ணன் நடுவில் நிறுத்தினான்.

"தட்டு மாமா வந்தாரா?"

அவள் மேலே பார்த்தாள். வீங்கிய முகம், ஒரு கண்ணில் கட்டு, மற்ற கண்ணில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு.

"வந்தாரே" என்றாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "ரொம்பத் தளர்ந்துட்டாரு, கைத்தடி ஊனித்தான் வர்றாரு. எல்லாரும் கம்ப்யூட்டரையே நோண்டிட்டு இருக்காங்க. இவரு ஸ்பேனர் கேக்கறாரு. கப்பல்ல ஒரு ஸ்பேனர்கூட இல்ல! கடைசில கைத்தடியாலயே சுவத்துல ஒரு தட்டு. கப்பல் பூரா லைட்டு!"

அண்ணன் கட்டில் குலுங்கச் சிரித்தான். "ஆடாதீங்க, கண்ணு!" என்று அண்ணி பதறி ஓடி வந்தாள்.

பைலட் பெண்ணின் காட்சியை மட்டும், "அப்புறம் அந்தப் பொண்ணு சுவத்துல கை வச்சு என்னமோ கேட்டா" என்று தங்கை ஒரே வரியில் முடித்துக்கொண்டாள். புகழ்ந்தால் அண்ணன் ஜெயித்ததாகிவிடுமே.

கண் நன்றாகத் தேறி, அண்ணன் மறுபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அந்தப் படம் டிவியில் பார்க்கக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்று தங்கையைக் கூப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் படத்தைப் போட்டான். "போன வருஷமே தவறிட்டாரே" வந்ததும் அண்ணன் ரிமோட்டை அமுக்கினான்.

"கைத்தடி ஊனிட்டு வந்தாருன்ன?"

"அன்னிக்கு உன் மூஞ்சியைப் பார்த்ததும் நிஜத்தைச் சொல்ல வரலண்ணா."

கோபமோ என்று அவள் பயந்தபோது, "நீ எடுத்த படந்தான் படம்" என்றான். "இவனுங்களுக்கு அறிவே இல்ல. அந்த மனுசனை ஒரு வரில கொன்னுட்டானுங்களே!"

புதுப் படங்களை அவன் திட்டி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அதில் பெரிய சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஏனோ அவ்வளவு இல்லை.

படம் மறுபடி ஓடியது. பைலட் பெண் சுவரில் கை வைத்தாள். அண்ணன் மூச்சுவிடாமல் பார்த்தான். காட்சி முடிந்து திரும்பினால், தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! இதைப் போயா ஒரே வரில முடிச்ச?"

"நல்லாருக்குன்னு சொன்னா உனக்குத் தலைகால் புரியாதே."

"நல்லாருக்குல்ல?"

"இது நல்லாருக்கு. இது மட்டும்" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணு இருந்தா அடுத்த படத்துக்கும் வருவேன்" என்று முணுமுணுத்தாள்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த அண்ணி இருவருக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.

"யாரு இந்தப் பொண்ணு? எதுக்கு இப்படித் தனியா மாட்டிக்கிட்டா?"

"அது பெரிய கதை, அண்ணி" என்றாள் தங்கை. அண்ணன் படத்தை நிறுத்திவிட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள்.