தண்ணிக் குளிசை

சபூறா கார்மென்ட் தொழிற்சாலையில் சட்டைப் பைகள் தைக்கிறாள். மணிக்கு அறுபது தைக்கவேண்டும். காலை எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதாகும்போது நாற்பதில் நின்றாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் ஒரே பருமனில் வீங்கியிருந்தன.

நாற்பத்திரண்டு பேர் வேலை செய்யும் லைனுக்கு டொய்லட் அட்டை இரண்டு. அட்டை இல்லாமல் மெசினை விட்டு எழும்பக் கூடாது. வீக்கத்துக்குத் தந்த தண்ணிக் குளிசை மாத்திரையைப் போட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள் நாலு தரம் போகவேண்டும். அதனால் ஆறு கிழமையாக ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் போட்டாள்.

நேற்று கிளினிக்கில் தாதி மிஸ்ஸி அவளைத் தராசில் ஏற்றினாள்.

"நாலு கிலோ கூடியிருக்கு. நல்லாச் சாப்பிடுறீங்களோ?"

"சோறு இறங்குதில்ல மிஸ்ஸி."

"படுத்தா மூச்செடுக்க ஏலுமா?"

"மூணு தலகணி வெச்சாத்தான்."

டொக்டர் அவளுடைய காலை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி நிரம்பவில்லை.

"இதயம் நிண்டுபோற வருத்தமில்ல இது. இறைக்கிற பெலன் குறைஞ்சிட்டு. அதால தண்ணி காலுலயும் நெஞ்சுலயும் தேங்குது. அத வெளியில எடுக்கத்தான் குளிசை. ஏன் போடல்ல?"

அவள் சொன்னாள். டொக்டர் பேனையை எடுத்தார். அவளை நினைத்த நேரம் டொய்லட்டுக்கு விடும்படி தொழிற்சாலைக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்.

"ஒரு நாளும் விடக்கூடாது. உப்பக் குறைங்க. விடிய எழும்பினதும் நிறை பாருங்க."

இன்று பஸ் ஏறமுன் குளிசை போட்டிருந்தாள்.

"முகமெல்லாம் வேர்க்குது அக்கா," என்றாள் பக்கத்து மெசினில் இருந்த பாண்டிருப்புச் சுலக்சனா.

"குளிசை வேலை செய்யுதுகா. அடக்க ஏலாம இருக்கு."

"அட்டை ரெண்டும் வெளியில. போனவள் போன் கதைச்சிட்டு நிப்பாள்."

சபூறா எழும்பினாள். சுப்பர்வைசர் றுகையா நடைபாதையின் நடுவில் வந்து நின்றாள்.

"எங்க ராத்தா?"

"டொய்லட்டுக்கு."

"அட்டை?"

"விடிய டொக்டர்ர துண்டு தந்தனே."

றுகையா குரலைத் தாழ்த்தினாள். "அத மேல குடுத்தா உங்கள வீட்ட அனுப்பிருவாங்க. உங்கட நல்லதுக்குத்தான் வெச்சிருக்கன்."

"குடுங்க. இந்த வருத்தத்தோடதான் நோன்பு மாசத்துல இருந்து தைக்கிறன். ஒரு பை கோணலாப் போச்சா?"

"உங்கள விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும். மூத்திரம் எல்லாருக்கும்தான் வரும். உங்களுக்கும்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு லைனின் கடைசி வரை போனது.

"இருங்க ராத்தா. ஒருத்தி வரட்டும்."

"ஏலா."

சபூறா அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். வேகமாக நடந்தால் மூச்சு முட்டும். ஸ்திரிக்கை மேசையைப் பிடித்து ஒரு தரம் நின்றாள். பின்னால் ஒரு மெசின் ஓய்ந்தது. செருப்புச் சத்தம் அவளை நோக்கி வந்தது. சுலக்சனா.

"உனக்கென்னகா?"

"எனக்கும் வருது."

அவர்கள் திரும்பி வந்தபோது இருவருடைய ஸ்டூல்களும் இல்லை. தரையில் படிந்திருந்த நூல் தூசியில் எட்டு ஸ்டூல் கால்களின் வட்டங்கள் தெரிந்தன. மற்ற மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் தலை நிமிரவில்லை.

"நிண்டு தைப்பமா அக்கா?"

"தைப்பம். பத்து மணிக்கு மறுகாவும் போகணும்."

சபூறா இடது கையை மேசையில் ஊன்றி, வீங்கிய காலைத் தூக்கி மெசின் மிதியில் வைத்தாள்.