ஓடெல் நிறுத்திய ரயில்

ஓடெல் பிரிட்ஜஸ் கிதாரில் ப்ளூஸ் என்கிற சோகப் பாட்டை வாசித்தால், சிகாகோ போகும் ரயில் எங்கள் பருத்திக் காட்டு நடுவில் நின்றுவிடும். வாசிப்பை நிறுத்தினால் கிளம்பிவிடும். டிரைவர் இறங்கிச் சக்கரத்தைப் பார்ப்பார், தலையைச் சொறிவார், ஏறிக்கொள்வார். மிசிசிப்பியில் இதைவிடப் புரியாத சங்கதிகள் எத்தனையோ இருந்ததால் யாரும் ஆராயவில்லை.

சுவரில் ஆணியடித்து, துடைப்பத்தைச் சுற்றியிருந்த கம்பியை இழுத்துக் கட்டி வாசித்துப் பழகிய கை அவனுக்கு. உடைந்த பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டிக் கம்பிமேல் இழுத்தானென்றால் கல்நெஞ்சுக்காரனும் மூக்கைச் சிந்துவான். சனிக்கிழமை சாராயக்கடையில் வாசிப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபக்கூட்டம் நடத்தும் சிஸ்டர் ஹேட்டி அவனைக் குறித்தே ஜெபிப்பாள்: "கர்த்தாவே, அந்தச் சாத்தான் பாட்டுக்காரன் கையை முடக்கிப் போடும்!"

ஸ்டேஷனில் பண்ணை முதலாளியின் ஆட்கள் தடியோடு நிற்பார்கள். ஊரைவிட்டுப் போகிற கறுப்பர்களை இழுத்துவந்து மறுபடி பருத்தி பறிக்க விடுவார்கள். அதனால் போகிறவர்கள் ஓடெலிடம் வந்தார்கள். ஏழு வருடத்தில் பாதி ஊர் ஏறிவிட்டது. ஜெபக்கூட்டத்துக்காரர்கள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்தார்கள். அப்புறம் பெட்டியை யார் தூக்குவது என்று ஒரே தகராறு.

அவன் பெண்டாட்டி லூவெனியாவும் ஏறினாள். "நீயும் வாய்யா" என்றாள்.

"கையை எடுத்தா வண்டி போயிருமேடி, நான் எப்படி ஏறுறது?" என்று அழுதபடியே வாசித்தான். அவள் உட்கார்ந்ததும் கையை எடுத்தான். அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை.

பிறகு வடக்கிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து அவன் பாட்டை இசைத்தட்டில் பிடித்துக்கொண்டு போனார். அப்போது எங்கள் ஊரில் கிராமபோன் கிடையாது. தன் தட்டை அவனே கேட்டதில்லை. சிகாகோவில் லூவெனியா கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த டிராம் வண்டி நின்றது; தட்டு முடிந்ததும் கிளம்பியது. மறுவாரமே கிராமபோனும் கையுமாக ஊருக்கு வந்து இறங்கினாள். வருகிறவர்களை எந்தத் தடிக்காரனும் தடுப்பதில்லை.

"ஏய்யா மரமண்டை, உன் கைதான் வாசிக்கணும்னு எவன் சொன்னான்? தட்டு பாடட்டும். நீ ஏறு!"

கிராமபோனைப் பருத்திக் காட்டில் வைத்துச் சாவி கொடுத்தாள். ரயில் நின்றது. இருவரும் ஏறினார்கள். பாட்டு முடியும் நேரத்தில் ஊசி சிக்கிக்கொண்டு, ஒரே இழுப்பையே திரும்பத் திரும்ப இழுத்தது. வண்டி நகரவில்லை. சாலையில் தடிக்காரர்களின் புழுதி தெரிந்தது. ஓடெல் எழுந்தான்.

அவன் பெல்ட்டைப் பிடித்தாள் லூவெனியா. "உக்காரு. இறங்குனே, நானே கொன்னுருவேன்."

வெளியே, கிராமபோனுக்குப் பக்கத்துச் செடி வரிசையில் பருத்தி பறித்துக்கொண்டிருந்த சிஸ்டர் ஹேட்டி வானத்தைப் பார்த்தாள். "ஆண்டவரே, செத்த நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கிடும்" என்றவள், வந்து ஊசியைத் தூக்கிவிட்டாள்.

வண்டி கிளம்பும்போது உடம்பு முன்னும் பின்னும் ஒரு குலுக்குக் குலுங்கும் என்பது, முந்நூறு பேரை ஏற்றிவிட்டவனுக்கு அன்றுதான் தெரிந்தது. வாய்விட்டு அழுதான்.

கிராமபோன் ஹேட்டியிடமே தங்கிவிட்டது. வியாழக்கிழமைகளில் ஜெபம் முடிந்ததும் காட்டுக்கு வந்து அவள்தான் சாவி கொடுக்கிறாள். தட்டு ஓடுவது மூன்றே நிமிடம்; அதற்குள் ரயிலில் ஏறிவிட வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் கொஞ்சம் முன்னாலேயே வந்து நிற்பது நல்லது.